வில்கமுவ மாப்பிள்ளையின் கிடைப்படம்

என் மச்சிக்குக் கை ஓடும், பேனா ஓடாது. மச்சி என்று நான் சொல்வது மாமாவின் இளைய மகளை. மாத்தளை டவுனுக்குச் சற்று வெளியே எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே வளவில் இருந்தன. வகுப்பிலும் ஒரே வாங்கில்தான் இருந்தோம். பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு வடிவமைப்பும் தொழினுட்பமும் என்ற பாடத்தை எடுத்த பெண்பிள்ளைகள் நாங்கள் இருவர் மட்டும்தான். மற்றவர்கள் புத்திசாலித்தனமாக மனையியல் எடுத்து, கேக் செய்து தின்றுகொண்டிருந்தார்கள்.

பாடத்தின் பெயரைக் கேட்டு, சுத்தியலும் அரமுமாக இருக்கும் என்று நம்பித்தான் மச்சி சேர்ந்தாள். அவள் பின்னால் நான் சேர்ந்தேன். பிறகுதான் தெரிந்தது, பரீட்சையில் ஆணி அடிக்க இடமே இல்லை, எல்லாம் கட்டுரை. ஒரு பொருளின் தேவையை இனங்காண வேண்டும். அது எப்படி இருக்க வேண்டும் என்று விவரக்கூற்று எழுத வேண்டும். மூன்று தீர்வுகளை வரைந்து, அட்டவணை போட்டு ஒப்பிட்டு, ஒன்றைத் தெரிந்தெடுத்து, ஏன் அதைத் தெரிந்தெடுத்தோம் என்று பக்கம் பக்கமாக விளக்க வேண்டும். எனக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஓர் ஆணியைக்கூட நான் நேராக அடித்தது கிடையாது. ஆணி அடிப்பதைப் பற்றிக் கேட்டால் ஆறு பக்கம் எழுதுவேன்.

மச்சி அப்படியில்லை. முன்னோடிப் பரீட்சையில், மழைநாளில் வகுப்பறையில் குடைகளை வைக்க ஒரு பொருளை வடிவமைக்கும்படி கேட்டிருந்தார்கள். அவள் எழுதிய விடை முழுவதும் எனக்கு இன்னும் மனப்பாடம். “பீ.வி.சி. குழாயை வெட்டிச் சுவரில் அடிக்கலாம். நான் அடித்திருக்கிறேன். எங்கள் வகுப்பில் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. போய்ப் பார்க்கவும்.” அந்தப் பாடம் எடுக்கும் சேர் உண்மையிலேயே போய்ப் பார்த்தார். குழாயைப் பிடித்து ஆட்டியும் பார்த்தார். அது அசையவில்லை. திரும்பி வந்து இருபதுக்கு மூன்று போட்டார்.

சேர் யாழ்ப்பாணத்துக்காரர், டவுனில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மூன்று புள்ளியையும் அவர் ஏதோ மரண அறிவித்தல் வாசிப்பதுபோல வாசித்தார். எனக்கு வந்த சிரிப்பை அடக்க நான் மேசைக்குக் கீழே பென்சில் தேட வேண்டியதாயிற்று.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்க, பயமும் இருந்தது. அடுத்த கட்டமான உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு உள்ள பெரிய பள்ளிக்கூடத்தில், இந்தப் பாடத்துக்குக் குறைந்தது ‘சி’ எடுத்தவர்களைத்தான் சேர்ப்பார்கள். அங்கே ஒரு கடைசல் இயந்திரம் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மச்சிக்கு வேறு கதையே இல்லை. ‘சி’ வராவிட்டால் தையல் வகுப்பு என்று மாமி சொல்லி வைத்திருந்தார். அவள் இல்லாமல் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைக்கிற தைரியம் எனக்கும் கிடையாது. ஆகவே படிப்பு லீவு தொடங்கிய அன்றே, மச்சியைக் கட்டுரை எழுத வைப்பது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் செருப்பு வைக்கும் ராக்கை. இரண்டு வரி எழுதிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவள் பக்கத்து வீட்டுக் கிரைண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் புத்தகத் தாங்கி. அதற்கும் இரண்டு வரிதான். அதற்குள் தாங்கியையே செய்து கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் நான் கெஞ்சவும் செய்தேன், அவள் கொப்பியைத் தூக்கி எறியவும் செய்தேன். எதுவும் பலிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமா வீட்டில் கலியாணப் பேச்சு சூடுபிடித்தது. பெண், மச்சியின் அக்கா. நாங்கள் முஸ்லிம் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். வாசிப்பவர்கள் தாடியோடு ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தாத்தாவுக்கு இருபத்திரண்டு வயது, வட்ட முகம், அதிகம் பேச மாட்டார்.

மூன்று மாப்பிள்ளைகளின் படங்கள் மாமியின் போனுக்கு வந்திருந்தன. ஒருவருக்குக் கலேவெலையில் ஹாட்வெயார் கடை. இன்னொருவர் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருந்தார். மூன்றாமவர் மாவட்டத்தின் மறுகோடியில், வில்கமுவயில் வயல் செய்பவர், சொந்தமாக டிராக்டர் வைத்திருந்தார். மாமியின் மனம் வயலிலும் டிராக்டரிலும் விழுந்துவிட்டது. மாமாவும் கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டார்.

நான்காம் நாள் காலை நாங்கள் விறாந்தையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். முற்றத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே மாமி போனில் யாரிடமோ மூன்று பேரையும் நிறுத்துப் பேசிக்கொண்டிருந்தார். பேனாவைக் கடித்துக்கொண்டிருந்த மச்சி சட்டென்று நிமிர்ந்தாள்.

“மூணு தீர்வு இருக்கு. அட்டவணை மட்டும்தான் இல்ல,” என்றாள்.

நான் என்னவென்று கேட்பதற்குள் தலைப்புப் போட்டுவிட்டாள்: ‘எமது வீட்டுக்குப் பொருத்தமான மாப்பிள்ளையொன்றைத் தெரிவுசெய்தல்.’ பிறகு அந்தப் பேனா ஓடியதே ஓட்டம். விவரக்கூற்றில், வெயில் மழை தாங்க வேண்டும், இயங்கும்போது சத்தம் குறைவாக இருக்க வேண்டும், பராமரிப்பு இலகுவாக இருக்க வேண்டும், கூரிய விளிம்புகள் இருக்கக் கூடாது என்று எழுதினாள். ஹோட்டல்காரருக்கு மேற்பரப்பு மினுக்கம் நன்று, உள்ளே என்ன மூலப்பொருள் என்று தெரியவில்லை. ஹாட்வெயார்காரருக்கு உதிரிப்பாகங்கள் எளிதில் கிடைக்கும். வில்கமுவக்காரருக்கு உறுதி பத்துக்குப் பத்து. டிராக்டருக்காக அட்டவணையில் தனியாக ஒரு நிரலே போட்டு அதிலும் பத்துக் கொடுத்தாள்.

தெரிந்தெடுத்த தீர்வை மூன்று பக்கமிருந்தும் வரைய வேண்டும் என்பது விதி. முன்நிலையும் பக்கநிலையும் போட்டோவைப் பார்த்தே வரைந்துவிட்டாள். கிடைப்படம்தான் சிக்கல். ஒரு பொருளை நேர் மேலேயிருந்து பார்த்தால் தெரிவது கிடைப்படம். போட்டோவில் மனிதனின் உச்சந்தலை தெரியாது. நெற்றி ஏறியிருக்கிற கணக்கை வைத்து உச்சியைக் கணிக்கலாம் என்றாள். கணித்து, நடுவில் முடியில்லாத ஒரு வட்டம் போட்டு, விட்டம் ஏழு சென்றிமீற்றர் என்று அம்புக்குறியோடு அளவும் குறித்தாள். நான் பாயிலிருந்து உருண்டு மிளகுக்குள் போய் விழுந்தேன். வயிறு வலித்தது, மூச்சு வரவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மாமி எட்டிப் பார்த்து, பிள்ளைகள் பாடுபட்டுப் படிக்கிறார்கள் என்று இரண்டு கோப்பை பால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அதைக் குடிக்கவும் முடியவில்லை.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் பக்கங்களை எண்ணினேன். நாலரைப் பக்கம். நாலு வரிக்கு மேல் எழுதாதவள், ஒரு படியையும் விடாமல் எழுதியிருந்தாள்.

திங்கட்கிழமை விசேட வகுப்பில், மீட்டல் கட்டுரை ஒன்றைச் சேரிடம் கொடுக்க வேண்டும். நான் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடச் சொன்னேன். மச்சி மறுத்துவிட்டாள். வாழ்நாளில் முதல்முறையாக நாலரைப் பக்கம் எழுதியிருக்கிறேன், அதற்குப் புள்ளி வேண்டும் என்றாள். கொப்பி சேரின் பைக்குள் போனது. அடுத்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடுவார்கள், மச்சியின் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

புதன்கிழமை சேர் கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இருபதுக்குப் பதினான்கு. கிடைப்படத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘அளவுகள் தெளிவு’ என்று எழுதியிருந்தார். டிராக்டர் நிரலை வெட்டி, ‘இது வேறு பொருள்’ என்று குறித்திருந்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி, அதற்குக் கீழே இரண்டு கோடு: ‘பாவனையாளர் யார்?’

பொருளைப் பயன்படுத்தப்போகிறவர்தான் பாவனையாளர். அது இங்கே யார் என்று விளங்காமல் மச்சி எழுந்து நின்றாள். சேர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, எங்கள் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

“நீர் எழுதினதில ஒழுங்கு இருக்குப் பிள்ளை. ஆனா, பாவிக்கப்போற ஆளை நீர் ஒரு சொல்லும் கேக்கேல்லை. அதுக்குத்தான் ஆறு புள்ளி போனது.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மச்சி அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே வந்தாள். அந்த ஆறு புள்ளியை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று மட்டும்தான் அவள் நினைத்திருக்க வேண்டும். உடுப்பையும் மாற்றாமல் நேரே தாத்தாவிடம் போனாள். தாத்தா அறைக்குள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். மச்சி கொப்பியைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, பாவனையாளரின் தேவை என்ன என்று கேட்டாள். நான் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

தாத்தா முதலில் கொப்பியை வாங்கி முழுவதையும் வாசித்தார். கிடைப்படத்தில் அவருக்கும் சிரிப்பு வந்தது. கையிலிருந்த சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாகச் சிரித்தார். பிறகு, “என்னையா கேக்குற?” என்றார். மச்சி ஆம் என்றாள். தாத்தா சட்டையை மறுபடியும் விரித்து மறுபடியும் மடித்தார்.

“எனக்கு வழுக்கை பரவாயில்ல. வில்கமுவயிலிருந்து இங்க ஒரு நாளைக்கு எத்தன பஸ் வருது? நாலரைப் பக்கத்துல டிராக்டர் இருக்கு, பஸ்ஸப் பத்தி ஒரு வரி இல்ல. எனக்கு உம்மாவப் பாக்கணும்னா, காலையில வந்து அந்திக்குத் திரும்பிப் போகணும். அவ்வளவுதான்.”

மச்சி அதை அப்படியே எழுதினாள். அவள் கை மெதுவாகப் போனது அன்றுதான். எனக்கும் சிரிப்பு அடங்கிவிட்டது. மூன்று வாரமாக அந்த வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம்; நான்கூட இரண்டு கருத்துச் சொல்லியிருந்தேன். தாத்தாவிடம் ஒருவரும் போகவில்லை என்பது எனக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து, சாப்பாட்டுக்குப் பிறகு, இத்தனை நாளாக என்ன சிரிப்பு என்று மாமி விசாரித்தார். மச்சி தயங்கவே இல்லை. எழுந்து நின்று, வகுப்பில் வாசிப்பதுபோலத் தலைப்பிலிருந்து தொடங்கினாள். கூரிய விளிம்புகளில் மாமா சிரிக்க ஆரம்பித்தார். ஹோட்டல்காரரின் மூலப்பொருளில் அவருக்குப் புரையேறியது. கிடைப்படத்தை நான் தூக்கிக் காட்டியபோது மாமி அடிக்கக் கையை ஓங்கினார், ஓங்கிய கை சிரிப்பில் அப்படியே இறங்கியது. கடைசியாக மச்சி ‘பாவனையாளரின் தேவை’ என்று வாசித்தாள். தாத்தா சொன்ன பஸ்ஸையும் ஒரு சொல் விடாமல் வாசித்தாள்.

மாமா தாத்தாவைத் திரும்பிப் பார்த்தார். “உண்மையா மகள்?” என்று கேட்டார். தாத்தா தலையை ஆட்டினார். பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னமே மாமா வில்கமுவக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டார். மறுவருடம் தாத்தாவுக்கு உக்குவளையில் கலியாணமாயிற்று. எந்நேரமும் பஸ் ஓடுகிற பாதைதான். இப்போது வருவதெல்லாம் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, உம்மா வீட்டில் தங்கிவிடுவதற்காகவே என்று நாங்கள் அவரைச் சீண்டுவோம்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மச்சிக்குக் கேட்கிற பைத்தியம் பிடித்தது. கொப்பியும் கையுமாக வளவு முழுக்கச் சுற்றினாள். உங்களுக்கு எது கஷ்டம் என்று மாமியிடம் கேட்டபோது, வேலையைப் பார் என்று முதலில் ஏச்சு விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மாமியே கூப்பிட்டு, திருவலையில் குந்தித் தேங்காய் திருவினால் முழங்கால் வலிக்கிறது என்றார். எத்தனையோ வருட வலி, அன்றுதான் வெளியே வந்தது.

பரீட்சை மண்டபத்தில் மச்சி எனக்கு முன்வரிசை. வீட்டில் ஒருவர் அன்றாடம் படும் சிரமத்தைத் தீர்க்க ஒரு பொருளை வடிவமைக்கும்படி கேள்வி வந்தது. நான் உடனே என் உம்மாவுக்கு ஓர் உடுப்புக் காயப்போடும் சட்டகத்தை எடுத்துக்கொண்டேன்: மடிக்கலாம், சக்கரம் உண்டு, மழை வந்தால் அப்படியே விறாந்தைக்குத் தள்ளலாம். சொற்கள் தாமாகவே வந்தன. பாதியில் நிமிர்ந்தபோது முன்வரிசையில் ஒரு கை உயர்ந்திருந்தது. மச்சி மேலதிகத் தாள் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வையாளர் என்னை முறைத்துப் பார்த்தார்.

வெளியே வந்ததும் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையம் வரை குதித்துக் குதித்துப் போனோம். நின்றபடி தேங்காய் திருவும் மேசையைப் பற்றி மாமி சொன்னதையெல்லாம், முழங்கால் வலி உட்பட, எழுதியதாக மச்சி சொன்னாள். பிறகு, உன் உம்மா என்ன சொன்னார் என்று கேட்டாள். நான் குதிப்பதை நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், உடுப்புக் கொடியடியில் நின்ற உம்மாவிடம் போய், மழைக்குப் பயந்து உடுப்பை ஓடி ஓடி எடுப்பது கஷ்டமா என்று கேட்டேன். உம்மா என்னை விநோதமாகப் பார்த்தார்.

“எனக்கு என்ன கஷ்டம்? இதுல நின்னாத்தானே உங்கட மாமியோட கொஞ்சம் கதைக்கக் கிடைக்குது.”

பெறுபேறு வந்தபோது மச்சிக்கு ‘ஏ’, எனக்கு ‘பி’. இருவரும் ஒன்றாகத்தான் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அந்த ஓர் எழுத்து எங்கே போயிற்று என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். உம்மாவின் உடுப்புக் கொடியில் போயிற்று என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.