பெரிய வியாழனும் வாசல் சாக்கடையும்

1. வலது கால்

கோயில் ஆபீஸில் என்ன பெரிய வேலை இருந்துவிடப் போகிறது, சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். மராத்தி பேசும் ஊரான கசார்வாடியில், ஹைவேயிலிருந்து பட்டறைகளுக்கு நடுவே புகுந்து போகும் சந்தில் இருக்கிறது எங்கள் கோயில். ஞானஸ்நான சர்டிபிகேட், கல்யாண ஓலை, கல்லறை இடம், ஹால் வாடகை, மைக் செட், பங்குச் சாமியாருக்கு பிரஷர் மாத்திரை, எல்லாம் ஆபீஸ் செக்ரட்டரி தலையில்தான் விடியும். போன வருடம் ஓய்வு பெற்றேன். எனக்குப் பதில் வந்திருக்கும் பெண் தினமும் போன் போட்டு ஒரு சந்தேகம் கேட்கிறாள். வாயால் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அவளுடைய பெரிய சந்தேகம் பெரிய வியாழன். சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின ராத்திரி ஏசு குனிந்து உட்கார்ந்து தன் சீடர்கள் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவினார். பெரியவனாக இருக்கிறவன்தான் மற்றவனுக்கு வேலைக்காரனாக இருக்கவேண்டும் என்று காட்டுவதற்காகச் செய்தது. அதன் நினைவாக அன்று மாலைப் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவி, துண்டால் துடைத்து, முத்தம் கொடுப்பார். அந்தப் பன்னிரண்டு பேரைப் பிடித்துக் கொடுப்பது ஆபீஸின் பொறுப்பு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்றைக் கவனித்தேன். கால் கழுவிக்கொள்ள வருகிற யாரும் காலைக் கழுவாமல் வருவதில்லை. கழுவுவது என்றால் சாதாரணக் கழுவல் இல்லை. குதிகாலைக் கல்லால் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் போட்டு, புது சாக்ஸ் மாட்டி வருவார்கள். ஒருவர் பியூட்டி பார்லருக்கே போய் வந்தார். ஃபாதர் ஊற்றுகிற தண்ணீர் விழுந்த மாதிரியே திரும்பப் பாத்திரத்துக்கு வரும், அதைக் குடித்தால்கூட ஒன்றும் ஆகாது.

ஃபாதர் வழக்கமாக வலது காலைத்தான் கழுவுவார். பட்டறையில் லேத் ஓட்டுகிற டர்னர் தாவீது இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு வலது காலை மட்டும் தேய்த்துவிட்டு வந்துவிட்டார். அந்த வருடம் பார்த்து மைக் வயர் குறுக்கே கிடந்ததால் ஃபாதர் மறுபக்கம் உட்கார்ந்து இடது காலைக் கேட்டார். தாவீது இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, வலது காலை அதற்கு மேலே குறுக்காகப் போட்டு நீட்டினார். ஃபாதர் இடதைக் கேட்க, இவர் வலதை நீட்ட, பாட்டுக்குழு அதே பாட்டை மூன்றாவது முறையாகப் பாடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஃபாதர்தான் தோற்றார்.

2. யாருக்கும் வேண்டாத நாற்காலி

எங்கள் பங்கு மக்களில் மராத்தி, கொங்கணி, மலையாளம், தமிழ் என்று நான்கு பாஷைக்காரர்கள். பன்னிரண்டு நாற்காலியை யாருக்கு எத்தனை என்று பிரிப்பதற்குள் சட்டசபை நடந்து முடிந்துவிடும். "போன வருஷம் உங்களுக்கு நாலு, இந்த வருஷம் எங்களுக்கு நாலு" என்று மேசையைத் தட்டுவார்கள். தாழ்மையைக் காட்டுகிற சடங்குக்கு நடக்கும் சண்டை இது என்று ஒருவருக்கும் தோன்றாது.

ஆனால் இத்தனை சண்டையும் பதினொரு நாற்காலிக்குத்தான். பன்னிரண்டாவது யூதாஸுடையது, குருவைக் காட்டிக்கொடுத்தவனுடையது என்று ஒரு பேச்சு. எந்த நாற்காலியில் எந்தச் சீடர் என்று யாரும் எழுதிவைக்கவில்லை, இருந்தாலும் கடைசி நாற்காலியில் உட்கார ஒருவருக்கும் மனசு வராது. ஒரு வருடம் மைக் செட்காரரைப் பிடித்து உட்காரவைத்தேன். இன்னொரு வருடம் உட்கார்ந்தவர், தன் நாற்காலியைப் பதினொன்றாவதோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே சீடராகத் தெரிந்தார்கள்.

3. வாசல்

இனி சாக்கடை. கோயில் வாசலுக்கு நேரே ஓடுகிறது. மேலே போட்டிருந்த கல் உடைந்து எத்தனையோ காலம் ஆயிற்று. பட்டறைகளின் கூலண்ட் எண்ணெய், கழிவு, சந்து வீடுகளின் சமையல் தண்ணீர் எல்லாம் அதில்தான் சேரும். அடைத்துக்கொண்டால் பொங்கி வாசலில் நிற்கும். இளசுகள் தாண்டிக் குதிப்பார்கள், மற்றவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நடப்பார்கள்.

என் வீட்டுக்காரரால் அதையும் செய்ய முடியாது. அவருக்குச் சர்க்கரை. காலில் புண் வந்து சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். "இந்தக் கால்ல அழுக்குத் தண்ணி பட்டுச்சுன்னா அடுத்து பாதத்தையே எடுக்கணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். தமிழ்ப் பூசையில் முதல் குரல் அவருடையதுதான். ஒரு வருடத்துக்கும் மேலாக வீட்டில் உட்கார்ந்து, சமையல்கட்டில் எனக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே பாடினார். அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பொறுக்காது.

வார்டு ஆபீஸுக்கு நடந்தேன். முன்னாள் நகரசேவகரிடமும், அதாவது கவுன்சிலரிடமும், போனேன். அவரை எல்லோரும் பாவு என்பார்கள், மராத்தியில் அண்ணன் என்று அர்த்தம். போகும்போதெல்லாம் டீ கொடுத்து, "ஹோ ஜாயேகா, ஆயிடும்" என்பார். டீ நன்றாக இருக்கும்.

4. பாவுக்கு ஒரு போட்டோ

மாநகராட்சித் தேர்தல் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று வருடக்கணக்காக வந்துகொண்டே இருந்தது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின தவக்காலத்தில் நிஜமாகவே வரப்போவது மாதிரி தெரிந்தது. பாவுவின் உதவியாளர் மஹேஷ் ஆபீஸுக்கு வந்தார். பேச்செல்லாம் இந்தியில்தான், இங்கே தமிழில் தருகிறேன்.

"மேடம், பெரிய வியாழன் அன்னிக்கு பாவு வருவாரு. ஃபாதர் அவர் காலைக் கழுவணும். ஒரு போட்டோ போதும்."

"தாராளமா. ஆனா காலியா இருக்கிறது கடைசி நாற்காலிதான் தம்பி."

"அது யாரோடது?"

"யூதாஸ். கூட இருந்துட்டே காட்டிக்கொடுத்தவர்."

"கட்சி மாறினதைச் சொல்லிக் காட்டுறாங்கன்னு பேசுவாங்களே மேடம்" என்றார் மஹேஷ். பாவு அதற்குள் மூன்று கட்சி பார்த்திருந்தார்.

மறுநாள் வேறு யோசனையோடு வந்தார். பாவுவே மக்களின் காலைக் கழுவுவாராம். நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பப் பார்த்தேன். உள்ளே இருந்த எங்கள் ஃபாதர் காதில் விழுந்துவிட்டது. கோவாக்காரர், மெதுவாகப் பேசுகிறவர்.

"பீடத்துல கழுவுறது என் வேலை, அதை யாருக்கும் தர முடியாது" என்றார். "ஆனா அந்தக் காலத்துல நடந்து வந்தவங்க காலை வீட்டு வாசல்ல வேலைக்காரன்தான் கழுவுவான். நம்ம கேட்டுக்கு உள்ளே குழாய் இருக்கு. பாவு அங்க உட்கார்ந்து கழுவட்டும்."

"வாசல்ல வெளிச்சமும் நல்லா இருக்கும்" என்று மஹேஷ் குஷியாகப் போனார்.

எனக்கு வந்ததே கோபம். "என்ன ஃபாதர், அந்தாளு ஓட்டுக்காகப் பண்றாரு, நீங்களும் இடம் கொடுக்குறீங்க!"

"ஓட்டுக்குக் கழுவினாலும் கால் சுத்தமாகும், ஜெயாஜி" என்றார்.

5. லைவ்

வியாழக்கிழமை பட்டறைகளுக்கு வார விடுமுறை. அன்று சாக்கடை ஏறக்குறையக் காய்ந்துதான் கிடக்கும். பேசாமல் விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் போட்டோவில் சந்து பளிச்சென்று தெரியவேண்டும் என்று மஹேஷ் மத்தியானம் ஒரு தண்ணீர் டேங்கரைக் கொண்டுவந்து, ஹோஸ் பைப்பால் சந்து முழுவதையும் கழுவிவிட்டார். பட்டறை வாசல்களில் படிந்திருந்த கறுப்பு எல்லாம் கரைந்து போய்ச் சாக்கடை வாயை அடைத்துக்கொண்டது. சாயங்காலம் கோயில் வாசலில் கணுக்கால் உயரத்துக்குக் கறுப்புத் தண்ணீர், மேலே எண்ணெய் மினுமினுக்க நின்றது.

பாவு வெள்ளை குர்தாவில் வந்தார். அவரைப் பின்வாசல் வழியாக, அங்கே திறந்து கிடக்கும் சாக்கடையைத் தாண்டிக் குதிக்கவைத்துக் கூட்டிவந்ததால் தண்ணீர் படவில்லை. வெல்வெட் முக்காலி, பித்தளைத் தாம்பாளம், பன்னீர் பாட்டில்கள் எல்லாம் தயார். மஹேஷ் போனில் லைவ் ஆரம்பித்தார்.

முதல் சீடர் தாவீது. இந்தத் தடவை இரண்டு காலையும் தேய்த்துக் கழுவித்தான் கிளம்பியிருந்தார், பாவம். சாக்கடைத் தண்ணீரைக் கடந்து வந்து முக்காலி முன் நின்றபோது இரண்டும் கறுப்பு. பாவு பன்னீரை ஊற்றினார். கறுப்பு அசையவில்லை.

"பாவு, இது ஆயில். பன்னீர்ல போகாது" என்றார் தாவீது, தொழில் தெரிந்தவராக. "மரத்தூளும் சோப்புத்தூளும் வேணும். இருங்க, பட்டறையில இருக்கு."

மரத்தூள் வந்தது. பாவு தேய்த்தார். பின்னால் வந்த மலையாளி டீச்சர் ஒரு கால் முடிந்ததும் அடுத்ததை நீட்டினார். "ஏசு ரெண்டையும்தான் கழுவினார்" என்றார் கண்டிப்பாக. பன்னிரண்டு பேரோடு நிற்கவும் இல்லை. வாசலைக் கடந்த எல்லோருக்கும் கால் கறுப்பு, எதிரே கழுவ ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், கேட்கவேண்டுமா? பங்கு மொத்தமும் வரிசையில் நின்றுவிட்டது. பாவு நெற்றியைத் துடைத்ததில் நெற்றியும் கறுத்தது. போதுமா என்று மஹேஷைப் பார்த்தார்.

"நிறுத்தாதீங்க பாவு, நிறையப் பேர் பார்க்கிறாங்க!"

பார்த்தவர்களில் ஒருவர் என் வீட்டுக்காரர். வீட்டில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு என்ன தோன்றியதோ, ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். ஆட்டோ தண்ணீர் விளிம்பில் நின்றது. நான் வாசலுக்கு ஓடினேன்.

"எதுக்கு வந்திய? டாக்டர் சொன்னது மறந்து போச்சா?"

"ஏட்டி, ஊரே கால் கழுவிக்கிடுது. நான் மட்டும் வீட்ல இருந்து வேடிக்கை பாக்கணுமோ?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பாவு தலையை நிமிர்த்தி, அது யார் என்று கேட்டார். அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் எனக்கு இந்தியில் வந்து விழுந்தது. "என் வீட்டுக்காரர். சர்க்கரைக் கால். இந்தத் தண்ணி பட்டா பாதத்தை எடுக்கணும். ஒரு வருஷமா இந்த வாசலைத் தாண்ட முடியாம வீட்ல கிடக்காரு. ஆயிடும் ஆயிடும்னு டீ கொடுத்தீங்களே, அது இந்தச் சாக்கடைதான்!"

மஹேஷ் போனை அவசரமாக வானத்துக்குத் திருப்பினார். பாவு தன் கைகளைப் பார்த்தார். பிறகு எழுந்து, "ஒரு நாற்காலி கொண்டா" என்றார்.

தாவீது உள்ளே ஓடினார். கோயில் நிறைந்திருந்தது. காலியாக இருந்தது அந்தப் பன்னிரண்டாவது ஒன்றுதான், அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாவு செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். என் வீட்டுக்காரரை ஆட்டோவிலிருந்து அப்படியே நாற்காலிக்கு மாற்றி, ஒரு பக்கம் பாவு, மறுபக்கம் தாவீது, தூக்கினார்கள்.

"பாத்து பாவு, போட்டுராதீங்க. எனக்கும் ஓட்டு இருக்கு" என்றார் இவர், நடுத் தண்ணீரில்.

படியில் வேறு இரண்டு பேர் நாற்காலியை வாங்கி, நேராகக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில் இறக்கினார்கள். அந்த வருடம் பன்னிரண்டாவது சீடரை நான் தேடவேண்டியிருக்கவில்லை.

6. பதின்மூன்றாவது ஆள்

ஃபாதர் ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டே வந்தார். கடைசி நாற்காலியில் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். தண்ணீர் ஊற்றவில்லை. குனிந்து கட்டின் மேல் முத்தம் கொடுத்தார். என் வீட்டுக்காரர் பாட ஆரம்பித்தார். நான் அழுதேன், அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

பாவு கோயிலுக்குள் வரவில்லை. வழுவழுவென்ற தரை, கால் முழுக்கக் கறுப்பு, படியிலேயே நின்றுவிட்டார். ஃபாதர் பாத்திரத்தையும் துண்டையும் எடுத்துக்கொண்டு, நடுவழியே நடந்து வாசல்படிக்கு வந்து, தரையில் உட்கார்ந்து பாவுவின் காலைப் பிடித்தார். பாவு பதறி இழுத்தார். ஃபாதர் விடவில்லை. தாவீது மரத்தூளை நீட்டினார்.

முதல் நாள் மஹேஷ் வந்து கேட்டது இந்தப் போட்டோவைத்தான். ஆனால் லைவ் ஓடி ஓடி அவர் போன் எப்போதோ செத்துப்போயிருந்தது. வேறு யாருக்கும் எடுக்கத் தோன்றவில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் சாக்கடையைத் தூர் வாரி, மேலே கான்கிரீட் பலகை போட்டார்கள். பாவு தினமும் வந்து நின்று பார்த்தார். டீ நாங்கள் கொடுத்தோம். பிறகு தேர்தலும் ஒருவழியாக வந்தது. காலைக் கொடுத்தவர்கள் எல்லோரும் ஓட்டையும் கொடுத்துவிடவில்லை, பாவு தோற்றார். நான் அவருக்குத்தான் போட்டேன்.

இப்போது ஜெயித்தவருடைய ஆட்கள் ஆபீஸுக்கு வந்து, இந்தப் பெரிய வியாழனுக்கு நாங்களும் கழுவுகிறோம் என்கிறார்களாம். என்ன சொல்வது ஆன்ட்டி என்று புதுப் பெண் போனில் கேட்கிறாள்.

விரட்டாதே, மகளே. கழுவின காலைக் கழுவுவது சுலபம், அதை நாங்கள் வருடா வருடம் செய்தோம், ஒன்றும் மாறவில்லை. அழுக்குக் காலைக் கையில் பிடித்தவருக்குத்தான் அந்த அழுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவரும். அதனால் அவர்களை வரச் சொல். எந்த வாசலில் உட்காரவைப்பது என்பதை மட்டும் நீ முடிவு செய். பின்வாசல் பக்கம் இன்னொரு சாக்கடை திறந்து கிடக்கிறது.

பதினொரு நாற்காலிக்கு ஆள் தேடினால் போதும். பன்னிரண்டாவதில் என் வீட்டுக்காரர் உட்காருவார். நடந்தே வருவார்.