உதட்டில் ஒட்டிய கண்ணாடி

ஆஸ்திரேலியாவில் கூனபராபிரான் என்ற சிற்றூருக்கு மேலே, மலையுச்சியில் இருந்த வானாய்வகத்தில் கிளாரி ஹிக்கிக்கு இரவு வேலை. அவன் மனைவி நொரீனுக்குப் பகல் வேலை. அவன் தொலைநோக்கியில் பிடித்த படங்களை அவள் காலையில் இருட்டறையில் கழுவி எடுப்பாள். பிள்ளையில்லாத அவ்வீட்டில் இருவரும் சேர்ந்து உண்பது மாலைச் சாப்பாடு ஒன்றுதான்.

படம் என்பது எழுபதுகளில் ஒரு கண்ணாடித் தகடு. அதன் ஒரு பக்கத்தில் மட்டும் மருந்து பூசியிருப்பார்கள். கும்மிருட்டில் அப்பக்கத்தை அறிய, தகட்டின் ஓரத்தை உதட்டில் வைத்துப் பார்ப்பது வழக்கம். மருந்து மெல்ல ஒட்டும், வெறுங்கண்ணாடி வழுக்கும்.

"என்னைவிட அந்தக் கண்ணாடிக்குத்தான் நீ அதிகமா முத்தம் குடுக்கற," என்று கிளாரி சீண்டுவான்.

"அது குறட்டை விடறதில்லையே!"

பழுதான தகடுகளின் மருந்தை வெந்நீரில் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் கண்ணாடிகளால் தக்காளிச் செடிகளுக்குக் கண்ணாடிக் கூடம் கட்டிக்கொண்டிருந்தான் அவன். கூரையில் ஒரு சட்டம் மட்டும் காலியாக இருந்தது.

அந்த மாதம் அவன் படம் பிடித்தது, தென்வானில் நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் கூடிய ஒரு கொத்தின் நடுவே வீற்றிருந்த மாபெரும் நீள்வட்ட மண்டலத்தை. அதற்குக் 'குண்டன்' என்று பெயரிட்டிருந்தான்.

"பக்கத்துல வந்தவனையெல்லாம் முழுங்கியே பெருத்துட்டான். ஆனா பாவம், அங்க புது நட்சத்திரம் பொறக்கறது எப்பவோ நின்னுபோச்சு. இருக்கற கிழடுங்கதான் ஒண்ணா உக்காந்து வெளிச்சம் போடுது."

"நம்மள மாதிரின்னு சொல்லு."

"நாம இன்னும் யாரையும் முழுங்கலையே!"

குண்டனைச் சூழ்ந்த மங்கிய ஒளி பதிய வேண்டுமானால் தகடு நெடுநேரம் வானைப் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் ஒருவர் தொலைநோக்கி இம்மியும் பிசகாமல் கையால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி ஒரு தகட்டை முடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு மலையிறங்கிய வைகறையில், குறுக்கே பாய்ந்த கங்காருவுக்காக வண்டியைத் திருப்பிய கிளாரி மரத்தில் மோதி இறந்தான்.

அடக்கம் முடிந்து, அண்டை வீட்டார் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டு, நொரீன் மலைக்குச் சென்றாள். அந்தத் தகடு பெட்டியிலேயே இருந்தது.

"வேற யாராவது கழுவட்டுமே, நொரீன்," என்றார் வானியலாளர் டெஸ்மண்ட்.

"கிளாரி கடைசியா பிடிச்சது. நான்தான் கழுவுவேன்."

இருட்டறைக் கதவைச் சாத்தியதும் கண்ணீர் பெருகியது. தகட்டின் ஓரத்தை உதட்டில் வைத்தாள், ஒட்டியது. திருப்பி வைத்தாள், அதுவும் ஒட்டியது. உதட்டைத் துடைத்தாள், துடைத்த இடம் மீண்டும் நனைந்தது. கடைசியில் ஒரு பக்கத்தை நம்பி, அதை மேலாக வைத்து, தகட்டைத் தட்டிலிருந்த மருந்து நீரில் இட்டு, தட்டை ஆட்டினாள்.

விளக்கைப் போட்டபோது தெரிந்தது. மருந்துப் பக்கம் தட்டின் அடியில் உராய்ந்து, குண்டன் இருந்த இடம் நகத்தால் பிறாண்டியதுபோல் கிழிந்திருந்தது. விளிம்பின் மங்கிய ஒளி மட்டும் ஒரு பக்கத்தில் எஞ்சியிருந்தது.

"அழாத, நொரீன். இன்னொண்ணு எடுத்துக்கலாம். குண்டன் எங்கயும் ஓடிப்போயிட மாட்டான்," என்றார் டெஸ்மண்ட். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அடுத்த அமாவாசையையொட்டி, கிளாரியின் இடத்துக்குப் புதிதாக வந்த ட்ரெவர் படம் பிடித்தான். நொரீனே கழுவினாள். ஒரு பழுதும் இல்லை. இரண்டு தகடுகளையும் விளக்கு மேசையில் அருகருகே வைத்து, எஞ்சியிருந்த அந்த விளிம்பை உருப்பெருக்கியால் ஒப்பிட்டாள். மயிரிழை வேறுபாடும் இல்லை.

"பாத்தியா? கிளாரி எடுத்த மாதிரியே இருக்கு!" என்று டெஸ்மண்ட் மகிழ்ந்தார்.

"ஆமா. ஆள் மாறினது அதுக்குத் தெரியவே இல்லை," என்றாள் நொரீன்.

பழுதான தகட்டை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். வெந்நீர் வைக்கவில்லை. தக்காளிக் கூடத்தின் காலிச் சட்டத்துக்கடியில் நாற்காலியைப் போட்டு ஏறினாள். மருந்துப் பக்கம் எதுவென்று நடுப்பகல் வெயிலில் கண்ணுக்கே தெரிந்தது. ஆயினும் பொருத்துவதற்கு முன் அதன் ஓரத்தை உதட்டில் வைத்தாள்.

ஒட்டியது.