இடது பக்கத்துக் காட்டர் பின்

எங்க வீட்டு கேட்டை ஒட்டி ஒரு கருங்கல்லு கிடக்கு. எங்கண்ணன் சைக்கிள் ஏறுறதுக்குன்னே போட்டது. சின்ன வயசுலயே போலியோ வந்து அண்ணனுக்கு வலது கால் சூம்பிப் போச்சு. அந்தக் கல்லு மேல இடது காலை ஊனி ஒரு உந்து உந்துனா வண்டி கிளம்பிடும், அந்த வேகத்துலயே கால் பெடலுக்குப் போயிடும். பழைய டியூபை வெட்டி பெடல்ல வளையமா கட்டியிருக்கு. பாதத்தை அதுக்குள்ள நுழைச்சுக்கிட்டு, ஒத்தக் காலாலயே மிதிக்கவும் செய்யும், மேல இழுக்கவும் செய்யும். பெரிய கோயில் பக்கத்துல கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ல அண்ணனுக்குப் பிழை திருத்துற வேலை. தினமும் அந்த சைக்கிள்லதான் போய் வரும்.

எல்லாம் சரிதான், அந்தப் பின்னுதான் என் உசுரை எடுத்துச்சு. பெடல் மாட்டியிருக்கிற இரும்புத் தண்டை அச்சோட சேத்துப் பிடிக்கிற ஒரு சின்ன ஆப்பு அது. காட்டர் பின்னுனு சொல்வாங்க. ரெண்டு காலு இருக்கிறவங்களுக்கு வருஷக்கணக்கா வரும். எங்கண்ணனுக்கு மொத்த பாரமும் இடது பக்கத்துப் பின்னு மேலயே விழறதால, சரியான பின்னே ஆறு மாசத்துல தேஞ்சு பெடல் ஆட ஆரம்பிச்சுடும். வண்டியோ பழசு. அதோட ஓட்டைக்குத் தடிச்ச பின்னு வேணும், இப்ப கடையில கிடைக்கிறதெல்லாம் ஒல்லி.

தேரடி வீதிக் கடைக்காரரு ஒவ்வொரு தடவையும், "இன்னாக்கா, இன்னுமா அந்த வண்டி ஓடுது?"ன்னு கேப்பாரு. ஓடலன்னா பின்னு எதுக்குய்யா கேக்குறேன், கோத்து மாலை போட்டுக்கவா? வாய் வரைக்கும் வரும். மறுபடி அங்கதானே போய் நிக்கணும்னு முழுங்கிட்டு ஒல்லிப் பின்னையே வாங்கிட்டு வருவேன். பவுடர் டப்பாத் தகட்டை வெட்டி, பின்னைச் சுத்தி வெச்சு, சுத்தியால ரெண்டு தட்டு. நான் பிளவுஸ் தைக்கிறவ. துணி வெட்டுற என் நல்ல கத்திரி அந்தத் தகட்டுலயே மொக்கையாப் போச்சு. அப்படிச் செஞ்சும் ஒரு மாசம் தாங்குனா ஜாஸ்தி.

"சைடுல சக்கரம் வெச்ச ஸ்கூட்டர் வாங்கிக்கண்ணா"ன்னு நானும் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டேன். "அது என்னைத் தூக்கிட்டுப் போற வண்டி பாப்பா. சைக்கிள் நான் ஓட்டுற வண்டி." எப்ப கேட்டாலும் இதே பதில்தான். எனக்கு அம்பது தாண்டியும் நான் அண்ணனுக்குப் பாப்பாதான்.

எங்கம்மா போனதுலருந்து அமாவாசைக்கு அமாவாசை அண்ணன் காலையில சைக்கிள்லயே மலையைச் சுத்தி வரும். கிரிவலம்னா வெறுங்கால்லதானே போகணும்? அதனால செருப்பை வீட்லயே கழட்டிட்டு, வெறுங்காலை வளையத்துல நுழைச்சு மிதிச்சுக்கிட்டுப் போகும். "சைக்கிள்ல சுத்துனா பாதிப் புண்ணியந்தான்"னு எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் கிண்டல் பண்ணாங்க. "எனக்கும் காலு பாதிதானேம்மா, கணக்கு சரியாப் போச்சு"ன்னு அண்ணன் சிரிச்சுச்சு.

போன ஆடி அமாவாசையில, அடி அண்ணாமலைகிட்ட அந்தப் பின்னு கழண்டுடுச்சு. தண்டு அப்படியே புரண்டு, கால் வளையத்துல மாட்டி, அண்ணன் நடுரோட்டுல விழுந்திருக்கு. பின்னாடி வந்த ஆட்டோ ஒரு சாண் தள்ளி நின்னுச்சாம். இதை அண்ணன் என்கிட்ட சொல்லவே இல்ல. முழுக்கை சட்டை போட்டு மறைச்சுடுச்சு. துணி துவைக்கும்போது ரத்தத்தைப் பாத்துட்டுக் கேட்டா, கல்லு தட்டிடுச்சுன்னுச்சு. வண்டியோட அண்ணனைத் தெருமுனையில கொண்டாந்து விட்ட அந்த ஆட்டோக்காரரே சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரியும். எனக்குன்னு இருக்கிறது எங்கண்ணன் மட்டும்தானே.

மறுநாள் அண்ணன் கைவலின்னு ஆட்டோவுல வேலைக்குப் போச்சு. நான் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு செங்கம் ரோட்டுல இரும்புக் கதவு, கிரில் பண்ற வெல்டிங் கடைக்குப் போனேன். "பின்னே வேணாம். தண்டையும் அச்சையும் ஒண்ணா சேத்துப் பத்த வெச்சுடுங்க"ன்னேன். அவரு தயங்குனாரு. "அக்கா, பத்த வெச்சா அப்புறம் கழட்டவே முடியாது. அச்சு சுத்துறதுக்கு உள்ள இருக்கிற பால்ரஸ் குண்டு தேஞ்சா மாத்த முடியாது. வண்டியே போயிடும்."

"பரவால்ல, போடுங்க"ன்னேன்.

தெரியாம சொன்னேன்னு இங்க எழுதுனா அது பொய். போனா போகட்டும், அப்பவாச்சும் ஸ்கூட்டருக்கு வரும்னு எனக்குள்ள ஒரு கெட்ட புத்தி சொல்லுச்சு. அதைக் கேட்டுத்தான் சொன்னேன்.

ரெண்டு மாசம் பெடல் ஆடவே இல்ல. "கெட்டியா இருக்கு பாப்பா"ன்னு மட்டும் அண்ணன் சொல்லுச்சு. ஐப்பசி மழையில மண்ணும் தண்ணியும் உள்ள போய் கரகரன்னு சத்தம் வர ஆரம்பிச்சுது. ஒரு நாள் சாயந்தரம் சுத்தமா இறுகிப் போச்சு. ஓட்டிட்டுப் போன வண்டியையே கைத்தடியாப் பிடிச்சுக்கிட்டு, பிரஸ்லருந்து வீடு வரைக்கும் நொண்டி நொண்டி வந்துச்சு அண்ணன். மெக்கானிக் பாத்துட்டு, "அறுத்துத்தான் எடுக்கணும். அச்சு புதுசு போட்டுடலாம். ஆனா இந்த மாடல் இடது தண்டு எங்கயும் கிடைக்காதும்மா"ன்னாரு.

அடுத்த அமாவாசை வந்துச்சு. அண்ணன் குளிச்சு, திருநீறு பூசி, வழக்கம்போல செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, கேட்டுகிட்ட நாற்காலி போட்டு உக்காந்துடுச்சு. வெறுங்காலோட மலையையே பாத்துக்கிட்டு, மதியம் வரைக்கும். ஸ்கூட்டர் பேச்சை நான் எடுக்கவே இல்ல. இதுக்குத்தானேடி ஆசைப்பட்டன்னு என்னை நானே திட்டிக்கிட்டேன்.

அப்புறம் தேடுனேன் பாருங்க, நாய் படாத பாடு. பழைய இரும்புக் கடை ஒண்ணு விடல. ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரங்களுக்கு வாடகைக்கு விடுற சைக்கிளையெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன். எல்லாம் புது மாடல். கடைசியில தைச்ச துணி குடுக்க கீழ்பென்னாத்தூர் போனப்ப, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு அம்மா தகர உருளையில கடலை வறுத்துக்கிட்டிருந்தாங்க. அவங்க பிடிச்சு சுத்துற கைப்பிடியைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டேன். அதே தண்டு! அதே தடிச்ச பின்னு! உருளை சுத்துறதுல என்ன பெரிய பாரம்? பின்னு தேயாம புதுசாட்டம் இருந்துச்சு.

"அதைக் கழட்டிக் குடுத்துட்டா கடலை தானா சுத்திக்குமா?"ன்னு அந்தம்மா எகிறுனாங்க. நான் அண்ணனைப் பத்திச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துடுச்சு. அந்தம்மா உருளையை ரெண்டு சுத்து சுத்துனாங்க. "காலுக்கா கேக்குற? இதுக்கு பதிலா ஒரு கைப்பிடி கொண்டாந்து மாட்டிட்டு எடுத்துட்டுப் போ"ன்னாங்க. அதே வெல்டிங்காரர்கிட்ட கம்பியை வளைச்சுக் கைப்பிடி பண்ணி, மறுநாளே கொண்டு போய் மாட்டிக் குடுத்தேன்.

மெக்கானிக் பழசை அறுத்துப் போட்டுட்டு, புது அச்சுல அந்தத் தண்டை மாட்டி, பின்னை இறுக்கினாரு. தகடு தேவைப்படல.

அதுக்கு அடுத்த அமாவாசைக் காலையில, அண்ணன் கல்லுகிட்ட வண்டியை நிறுத்துனப்ப, எனக்கு அதுக்கு மேல தாங்கல. "அண்ணா, பத்த வெச்சா வண்டி போயிடும்னு வெல்டிங்காரரு அன்னிக்கே சொன்னாரு. தெரிஞ்சேதான் வைக்கச் சொன்னேன்"னு சொல்லிட்டேன்.

"தெரியும் பாப்பா. மறுநாளே அவரு என்னை ரோட்டுல கூப்பிட்டு சொல்லிட்டாரு."

"அப்ப ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

அண்ணன் வளையத்தை இழுத்துப் பாத்துச்சு. "அந்த ரெண்டு மாசந்தான் நீ நிம்மதியா இருந்த. நான் வர்ற வரைக்கும் வாசல்ல வந்து வந்து நிக்கல. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அப்புறம் செருப்பைக் கழட்டி என் கையில குடுத்துட்டு, கல்லுல காலை ஊனி ஒரு உந்து உந்துச்சு. தெருமுனை திரும்புற வரைக்கும் பெடல் ஆடுற சத்தம் வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். வரல. கையில இருந்த செருப்புல இடது தேஞ்சு ஓட்டை விழுந்திருந்துச்சு, வலது கடையில வாங்குனபடியே இருந்துச்சு. அந்தக் கல்லு மேலயே உக்காந்து அழுதேன்.