பத்துத் தசம் எட்டு

அப்பாவின் படகு விடியற்காலையில் திரும்பியிருக்க வேண்டும், நண்பகலாகியும் வரவில்லை. எங்கள் ஊரான தாழ்வுபாடு முழுவதற்கும் இது தெரிந்திருந்தது. தெரியாதவள், மூன்றாம் வகுப்பில் படித்த நான் ஒருத்திதான். அப்பா எங்கே என்று கேட்டதற்கு, மீன் கூடுதலாகப் பட்டிருக்கும் என்றாள் அக்கா.

அக்கா அப்போது உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு. அம்மா கரைக்கு ஓடியதும் என்னை அறைக்குள் கூட்டிப்போனாள். கதிரையில் ஏறி, தங்கூசி நைலோன் நூலில் ஒரு வலை ஈயக் குண்டைக் கட்டிக் கூரை வளையிலிருந்து தொங்கவிட்டாள். பௌதிகவியல் செய்முறையாம். இந்த ஊசல் இருபது முறை போய்வரும் நேரத்தை வைத்து, பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்றே கண்டுபிடித்துவிடலாமாம். எண்ணும் உத்தியோகம் எனக்கு. அப்படியொரு மரியாதை அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை.

"கதவைச் சாத்து. காத்துப் பட்டால் கணக்குக் குழம்பும்."

அம்மாவோடு கருவாட்டுக்கு மீன் எண்ணிப் பழகியவள் நான். அக்கா ஈயத்தை விட்டதுமே "ஒண்டு" என்றேன். இருபது சொன்னதும் அவள் போனில் நேரத்தை நிறுத்திக் கொப்பியில் கணக்குப் போட்டாள். ஒன்பது தசம் எட்டு வரவேண்டிய இடத்தில் பத்துத் தசம் எட்டு வந்தது.

"பிழைச்சுப்போச்சு. இன்னொருக்கா எண்ணு."

எண்ணினேன். மறுபடியும் பத்துத் தசம் எட்டு. வெளியே பெண்கள் செபமாலை சொல்வது கேட்டது. அக்காவின் சோதனைக்காக இத்தனை பேர் மடு மாதாவை மன்றாடுகிறார்களே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் அக்காவின் கண்கள் கலங்கியிருந்தன. என்னால்தான் அவள் சோதனையில் கோட்டைவிடப் போகிறாள் என்று பயந்துபோனேன்.

"அழாதைங்கோ அக்கா, இந்த முறை வடிவா எண்ணுறன்."

அவள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு ஈயத்தைக் கையில் எடுத்தாள்.

பின்னேரம்தான் வாசலில் ஆரவாரம் கேட்டது. எஞ்சின் பழுதாகி மிதந்த அப்பாவின் படகை வேறொரு படகு கட்டியிழுத்து வந்திருந்தது. அக்கா ஊசலை ஆடியபடியே விட்டுவிட்டு ஓடினாள். நான் இருபதும் எண்ணி முடித்துவிட்டுத்தான் போனேன். உப்புப் பூத்த சட்டையோடு நின்ற அப்பாவிடம், விடை இன்னும் சரிவரவில்லை என்று முறையிட்டேன்.

நானும் உயர்தரம் வந்து, முதல் செய்முறை வகுப்பில்தான் அந்தப் பிழை எனக்குப் பிடிபட்டது. ஊசலை விடும்போது பூச்சியம் என்று தொடங்க வேண்டும். ஒன்று என்று தொடங்கினால் ஓர் அலைவு குறைந்து, விடை கூடிவிடும். அன்றே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்ப உங்களுக்கும் இது தெரியாதோ?"

"தெரியும்," என்றாள். "சொல்லித் தந்திருந்தால் விடை சரியா வந்திருக்கும். பிறகு உன்னை என்னெண்டு அறைக்குள்ள வச்சிருக்கிறது?"