கொஞ்சம் பொறுங்க

மல்லசமுத்திரத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கும் ஒரு அக்காவுக்கு நான் வெப்சைட் செய்துகொடுத்தேன். நெட்டில் தேடித்தான் வெளியூர்க்காரர்கள் அவரிடம் வருவார்கள். பழைய சைட் பார்க்கச் சகிக்கவில்லை என்று மாற்றச் சொன்னதே நான்தான். புதியது முழுக்க ஜாவாஸ்கிரிப்ட்; பக்கத்தைத் திறந்தபின் ஓடும் அந்த ஸ்கிரிப்ட்தான் படம், எழுத்து எல்லாவற்றையும் கொண்டுவரும். திறந்ததும் ஒரு நொடி ‘கொஞ்சம் பொறுங்க’ என்று காட்டும். பிறகு குஞ்சுகள் ஓடிவரும். எனக்கு ஒரே பெருமை.

மூன்றாவது வாரம் அக்கா போன் செய்தார். “சாமி, தேடி வாரவிங்க ஒருத்தரையுங் காணோமுங்க.” பின்னால் குஞ்சுகள் கீச்சிடுவது கேட்டது.

“புது சைட்டுங்கக்கா, கொஞ்சம் பொறுங்க” என்றேன்.

அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அன்று கீச்சொலியில் அவர் குரலே அமுங்கிப்போயிருந்தது. “மெஷின்ல வெச்ச முட்டை இருவத்தோரு நாள்ல பொரிச்சுருமுங்க. அதுக்குப் பொறுக்கத் தெரியாது சாமி. எடமில்லாம ஒன்னுமேல ஒன்னு ஏறி மிதிக்குது.”

அதற்குப் பிறகுதான், தேடுபொறியின் கண்ணுக்கு என் பக்கங்கள் எப்படித் தெரிகின்றன என்று சோதித்துப் பார்த்தேன். வெள்ளைத் திரை. குஞ்சு இல்லை, ஊர்ப்பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. எல்லாப் பக்கத்திலும் ஒரே வரி: கொஞ்சம் பொறுங்க. ஸ்கிரிப்ட் ஓடி முடியும்வரை தேடுபொறி காத்திருக்கவில்லை. நான் என் போனில் மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டிருந்தேன்.

அவசரமாகச் சரிசெய்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். எடுத்தார். பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

“இன்னும் பொறுக்கோணுங்களா சாமி?” என்றார்.

அந்த வார்த்தையை இப்போது நான் எந்தப் பக்கத்திலும் எழுதுவதில்லை. வாயாலும் சொல்வதில்லை.