சாவடியில் சாட்சி சொன்ன மூக்கு

என் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியையாக இருந்த காலத்தில், பீடி பிடித்துவிட்டு வந்த பையன் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்று வகுப்பு வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவேன். என் கணவர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாழைக்காய் பஜ்ஜி தின்றுவிட்டு, வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு வந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துவிடுவேன். டாக்டர் அவருக்கு எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று சொல்லியிருந்ததால், இந்தத் திறமையை வீட்டில் எல்லோரும் மதித்தார்கள். அவர் மட்டும் மதிக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நான் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குறுவை போட்டேன். நிலத்துக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். லீவில் வந்தால் தங்குவதற்கென்று வயலின் சனிமூலையில், அதாவது வடகிழக்கில், மோட்டார் கொட்டகையை ஒட்டி, கழிப்பறையோடு ஓர் அறை கட்டி வைத்திருந்தார். அதன் சாவியும் என்னிடம் இருந்தது. "டீச்சர் சாக்பீஸ் பிடிச்ச கையால நாத்து நடப் போறாங்களாம்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அதை வீட்டில் வந்து எனக்கு ஒப்பித்தவர் என் கணவர். ஒப்பித்தபோது அவரும் கொஞ்சம் சிரித்தார் என்பது நினைவிருக்கிறது. ஃபைலுக்கு நடுவிலேயே வாழ்ந்து ரிட்டையர் ஆன மனிதர் அவர். அந்த வயலை "உன் வயல்" என்றுதான் சொல்வார். வரப்புவரை வருவார், செருப்பைக் கழற்ற மாட்டார்.

அது கொரோனாவின் இரண்டாவது அலை கொஞ்சம் தணிந்த நேரம். நாற்று தயாராகிவிட்டது. திங்கட்கிழமை நடவு என்று பெண்களிடம் சொல்லி வைத்தாயிற்று, நாற்று பறிக்க ஆண் ஆட்களிடமும் சொல்லியாயிற்று. குறுவைக்கு நாள் தள்ளக் கூடாது. நாற்றங்காலிலேயே நாற்று முற்றிப்போனால் நட்டும் பிரயோசனம் இல்லை, பக்கத்தில் தூர் வெடிக்காமல் ஒற்றைக் குச்சியாக நிற்கும். ஊரே கூடிச் சிரிக்கும். இந்தச் சமயத்தில்தான் காரைக்காலில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது.

காரைக்கால் எங்கள் மாவட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது, ஆனால் புதுச்சேரியைச் சேர்ந்தது. நாகூரைத் தாண்டியதும் எல்லைச் சாவடி வந்துவிடும். எங்கள் பக்கம் அப்போது மதுக்கடைகள் மூடியிருந்தன, அந்தப் பக்கம் திறந்துவிட்டார்கள். எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கெல்லாம் திடீரென்று காரைக்காலில் சொந்தக்காரர்கள் முளைத்தார்கள். நாங்கள் உண்மையான சொந்தக்காரர்கள், இ-பாஸ் வாங்கிக்கொண்டு முறையாகப் போனோம்.

கல்யாணத்தில் நான் சமையல்காரரோடு சண்டை போட்டேன். ரசத்தில் பெருங்காயமே இல்லை, காப்பி வெந்நீர், சாம்பாருக்கு மணமே கிடையாது என்று பந்தியில் வைத்தே சொன்னேன். "முப்பது இலைக்குச் சமைக்கிறதுன்னா இவருக்கு இளக்காரமா இருக்கு" என்று தங்கையிடம் வேறு போட்டுக்கொடுத்தேன். அந்த மனிதர் பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்து என் இலைக்கு முன்னால் திறந்து காட்டினார். "பெருங்காயமும் போலி" என்றேன்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று தெரிந்து, சுகாதாரத் துறையிலிருந்து ஆள் வந்து எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டார்கள். ஒருநாள் கழித்து ஃபோன் வந்தது. எங்கள் பக்கத்தில் எனக்கு மட்டும் பாசிட்டிவ். மூக்கே போய்விட்டது என்று கல்யாண வீட்டில் என் தீர்ப்புகள் எல்லாம் ரத்தாயின, நான் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தங்கை நேராக சமையல்காரருக்கு ஃபோன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றாராம். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

உடம்பு நன்றாகத்தான் இருந்தது. பயம் நாற்றைப் பற்றித்தான். இங்கேயே என்னை முகாமில் போட்டுவிட்டால் நாற்று என்ன ஆகும்? விசாரிக்க வந்த நர்சம்மாவிடம் அந்த மோட்டார் கொட்டகை அறையைப் பற்றி எடுத்துச் சொன்னேன். சுற்றிலும் வயல், மனித வாடையே கிடையாது, தனிக் கழிப்பறை என்றேன். அவர் மேலே கேட்டுவிட்டு ஒரு பேப்பர் எழுதிக்கொடுத்தார். "சொந்தக் கார்ல, கண்ணாடிய எறக்கிவிட்டுட்டு, எங்கயும் நிக்காம நேராப் போங்கம்மா. சாவடியில மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

என் கணவர் அன்று காலை அதிசயமாகச் சுறுசுறுப்பாக இருந்தார். பெட்ரோல் போட்டுவிட்டு மாத்திரையும் வாங்கிவருகிறேன் என்று போனவர் நிறைய நேரம் கழித்து வந்தார். வந்ததும் கார் முழுக்க சானிடைசர் அடித்தார். தங்கை கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய்ப் பாட்டில்களை அட்டைப் பெட்டியில் அவரே அடுக்கி, பின் சீட்டில் என் காலடியில் வைத்தார். டிக்கியில் வைக்கலாமே என்றேன். "குலுங்கி உடஞ்சிடும்" என்றார். பரவாயில்லை, மனிதர் நோயாளி விஷயத்தில் பொறுப்பாக இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். வழியில் ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. காலடியில் 'கிளிங்' என்றது. ஊறுகாய் போச்சே என்று கவலைப்பட்டேன்.

சாவடியில் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண் காவலர் நின்றிருந்தார்.

"சார், மிஸஸுக்குப் பாசிட்டிவ். வீட்டுக்குப் போறோம்" என்று என் கணவர் பேப்பரை நீட்டினார்.

சப்-இன்ஸ்பெக்டர் பேப்பரைப் பார்க்கவேயில்லை. "காலையிலேருந்து நீங்க நாலாவது பாசிட்டிவ் சார். மொத பாசிட்டிவுக்கு டிக்கி நெறய இருந்துச்சு. அடுத்த பாசிட்டிவ் ஸ்டெப்னிக்குள்ள வச்சிருந்தாரு. உங்களது எங்க இருக்கு?"

எனக்கு வந்ததே கோபம். நோயாளி என்பதையே மறந்துவிட்டேன். இரட்டை மாஸ்க்குக்குள்ளிருந்து, பள்ளிக்கூடத்துப் பிரேயரில் பேசுகிற குரலில் ஆரம்பித்தேன். "சார், ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் ஒழுக்கம் சொல்லிக்குடுத்தவ நான். இந்த வண்டியில ஒரு சொட்டு இருந்துச்சுன்னா என் பேரையே மாத்திக்கிறேன். என் மூக்குக்குத் தெரியாம எதுவும் உள்ள ஏற முடியாது. எங்க வீட்டுக்காரரு பஜ்ஜி தின்னாலே எனக்குத் தெரிஞ்சிரும், அவரையே கேளுங்க."

என் கணவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து ஜன்னலை நோக்கி இரண்டடி வைத்தார். நின்றார். மாஸ்க்குக்கு மேலே அவருடைய கண்கள் விரிந்தன. பெண் காவலரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டது, தோள் மட்டும் குலுங்கியது.

"மேடம்" என்றார் மிக மரியாதையாக, "உங்களுக்கு வாசன எதுவும் வரலீங்களா?"

"என்ன வாசனை?" என்றேன்.

அவர் ஒரே எட்டில் நாற்காலிக்குப் பின்னால் போய்விட்டார். "பாசிட்டிவ்தான். சந்தேகமே இல்ல. பேப்பர உள்ள வைங்க சார், பேப்பரே வேணாம்."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். அட்டைப் பெட்டியின் அடி நனைந்திருந்தது. கால் மிதியடி நனைந்திருந்தது. என் புடவைத் தலைப்பின் நுனி அதில் ஊறிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தடையிலிருந்து இவ்வளவு தூரம் நான் பிராந்தியில் கால் நனைத்துக்கொண்டு ஒழுக்கம் பேசியிருக்கிறேன். ஊறுகாய் பாட்டில்களுக்கு அடியில் வேறு பாட்டில்கள் படுத்திருந்தன.

அதற்குப் பிறகு நடந்தது சாவடிக்கும் புதுசு. பாசிட்டிவ் வண்டியிலிருந்து வந்த பாட்டிலைத் தொட யாரும் தயாராக இல்லை. வழக்குப் போட்டால் எங்களை ஸ்டேஷனில் உட்கார வைக்க வேண்டும். கடைசியில் சப்-இன்ஸ்பெக்டர் லத்தியை நீட்டி சாலையோரப் பள்ளத்தைக் காட்டினார். "நீங்களே எடுத்து, நீங்களே ஊத்திடுங்க சார். தள்ளி நின்னு ஊத்துங்க." என் கணவர் உடையாத பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றினார். பின்னால் பைக்கில் வந்த ஒருவர் மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு வேதனையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகப்பட்டினம் தாண்டும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தேன். அதில் நல்ல பகுதியை மட்டும் இங்கே எழுதினால் ஒன்றும் மிஞ்சாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நாத்து பறிக்கிற ஆளுங்களுக்குத்தான் வாங்குனேன். பக்கத்து வயக்காரரு ஆளுக்கு ஒரு பாட்டில்னு சொல்லிட்டாராம். நம்ம பக்கம் எவனும் வரமாட்டான். நீ குடுக்கவும் மாட்ட, குடுக்க விடவும் மாட்ட. அதான் உன் மூக்கு லீவுல இருக்குன்னு..."

"பொய்" என்றேன். "உங்களுக்குத்தான் வாங்கியிருப்பீங்க."

"நான் எப்ப குடிச்சேன்?"

"மூக்கு லீவுல இருக்கு, எனக்கு என்ன தெரியும்?"

அவர் சொன்னது பொய்யில்லை. திங்கட்கிழமை காலை நாற்று பறிக்க ஒருவரும் வரவில்லை. பக்கத்து வயலில் ஒரே உற்சாகமாக இருந்தது. நான் அறையின் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, என் நாற்றங்கால் பச்சையாக அப்படியே நிற்பதைப் பார்த்தேன். இன்னும் நான்கு நாள் போனால் அவ்வளவுதான்.

நடவுப் பெண்கள் வந்து தூர வரப்பில் நின்றார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்த பெண்மணிக்கு என் வயது இருக்கும். எதற்கும் மசியாதவர். "ஆம்பளைங்க வரலைன்னா என்ன டீச்சர், நாங்களே பறிச்சு நடுறோம். ஒருநா ரெண்டுநா கூட ஆவும்" என்று கத்தினார். "ஆனா முடி தூக்கிப் போட ஒரு ஆளு வேணும்." பறித்துக் கட்டிய நாற்றுக்கட்டுகளை முடி என்போம். அவற்றைச் சுமந்து சேற்றில் இறங்கி, நடுகிறவர்கள் கைக்கு எட்டும்படி ஆங்காங்கே வீச வேண்டும்.

எல்லோரும் வரப்பில் நின்றிருந்த என் கணவரைப் பார்த்தார்கள். ஊருக்கு வந்ததும் அவருக்கு மறுபடி சோதனை செய்திருந்தார்கள், முந்தைய நாள்தான் நெகட்டிவ் என்று வந்திருந்தது. தப்பிக்க அவருக்கு வழியே இல்லை. அவர் ஜன்னலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து வரப்பில் ஒழுங்காக வைத்தார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வீட்டுக்காரி சனிமூலையில் முதல் நாற்றை ஊன்றாமல் அவர்கள் வயலில் இறங்க மாட்டார்கள். வேறு யாராவது வையுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒங்க வெள்ளாம, ஒங்க கைதான்" என்றார் தலைவி. நல்லவேளை, என் அறை இருந்ததே சனிமூலையில்தான். அவர்கள் எதிர்க்கோடிக்குப் போய்விட்டார்கள். என் கணவர் ஒரு முடியை வீசிவிட்டுத் தள்ளிப் போனார். நான் மாஸ்க்கோடு இறங்கி, கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஊன்றினேன்.

உழுது, பரம்புப் பலகையால் மட்டம் அடித்த சேற்றுக்கு ஒரு வாசனை உண்டு. அதற்காகவே நான் குத்தகை எடுத்தேன் என்றால் வீட்டில் சிரிப்பார்கள். யாரும் பார்க்காதபோது மாஸ்க்கை இறக்கிவிட்டு, ஒரு பிடி சேற்றை எடுத்து முகத்துக்கு அருகில் கொண்டுபோனேன். ஒன்றுமே இல்லை. சும்மா ஈரம். அப்படியே உட்கார்ந்து அழுதேன். பிறகு கை கழுவிவிட்டு உள்ளே போய், ஜன்னலிலிருந்து மேற்பார்வை பார்த்தேன்.

பார்க்க வேண்டிய காட்சிதான் அது. முதல் நாள் அவர் விழுந்த தடவைகளைப் பெண்கள் ராகம் போட்டுச் சொன்னார்கள். "சாரு, முடிய எறிங்க, ஒங்களயே ஏன் எறியுறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் வீசிய முடி ஒன்று தலைவியின் முதுகில் விழுந்தது, அதற்கு நல்ல வசவு கிடைத்தது. அவர் முடியைச் சுமந்துகொண்டே இருந்தார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் பொழுது சாயும் முன் நடவு முடிந்துவிட்டது. பக்கத்து வயலில் இன்னும் ஒரு மூலை பாக்கி இருந்தது.

அன்று மாலை அவர் வழக்கம்போல என் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. குளிக்காமல், தலைமுடிவரை சேறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்க, பெருமையாக நின்றார். நான் கதவைத் திறந்தேன். காற்று அவர் பக்கமிருந்து அடித்தது.

சந்தேகமாக இருந்தது. இன்னொரு முறை மூச்சை இழுத்தேன்.

"அங்கயே நில்லுங்க" என்றேன். "கிட்ட வராதீங்க."

"நான் வரலியே. ஏன்?"

"நாறுது."

தூக்கை மெதுவாகக் கீழே வைத்தார். "என்ன நாறுது?"

"சேறு. அழுகுன தழை. அதோட பஜ்ஜி."

அவர் சட்டையைத் தூக்கி மோந்து பார்த்துக்கொண்டார். பிறகு, பஜ்ஜியை மறுக்கக்கூடத் தோன்றாமல், ரோட்டில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து இரண்டு கையையும் வாயருகில் குவித்துக்கொண்டு கத்தினார்: "டீச்சரு என்னைய நாறுதுங்கறாங்க!"