மாமன் கழுவிய பல்

நான் தச்சன். வீட்டுக்காரியின் தம்பி நகை ஆசாரி. காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் அவன் பட்டறை.

மகளுக்கு முதல் பல் ஆடினப்ப நான்தான் எடுத்தேன். ஆணி பிடுங்குகிற மாதிரி அசைத்து அசைத்து இழுத்தேன். வந்துவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். அதோடு சரி. என்னிடம் வாயைத் திறந்து காட்டமாட்டாள்.

அடுத்த பல் ஆடினதும் மாமனிடம் ஓடினாள்.

"நாக்கால தள்ளு ஆத்தா. இன்னுங் கொஞ்சம் தள்ளு" என்று அவன் பேச்சுக் கொடுப்பான். ஈரத்துணியை விரலில் சுற்றி ஒரு திருப்பு. விழுந்த பல்லைச் சாணியில் உருட்டி ரெண்டு பேருமாக ஓட்டு மேல் எறிவார்கள். ஓட்டை வாயோடு சிரித்துக்கொண்டே வருவாள்.

"மாமா எடுத்தா வலிக்கவே இல்லப்பா."

நான் ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருப்பேன்.

"அவன் கை பொன்னுல பழகினது. நீங்க தேக்குலயில்ல பழகியிருக்கீக" என்பாள் வீட்டுக்காரி. வேடிக்கையாத்தான் சொல்வாள். எனக்கு வயிறு எரியும். மிச்சப் பால்பல் எல்லாம் அவன் கையில்தான் விழுந்தது.

போன வருஷம் மாமன் பட்டறை வாசலில் சைக்கிளோடு விழுந்தாள். நான் கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக் கதவுக்குக் கீல் மாற்றிக்கொண்டிருந்தேன். போன் வந்து ஓடினேன். முளைத்து நின்ற முன்பல் ஒன்று இல்லை. மாமன் தோளில் சாய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் வாயைப் பொத்தினாள்.

"பயப்படாதீக மச்சான். பல்லு முழுசாக் கெடச்சிருச்சு" என்று டம்ளரை நீட்டினான்.

பல் மண்ணில் விழுந்ததாம். நகை கழுவுகிற மாதிரி பூந்திக்கொட்டைத் தண்ணியில் போட்டு, பிரஷால் வேர்வரைக்கும் தேய்த்திருந்தான். மூக்குத்திக் கல்லாட்டம் மின்னியது.

அவன் பைக்கில் போனோம். அவள் நடுவில், அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு. பின்னால் நான், பிடிக்க ஒன்றும் இல்லாமல்.

பல் டாக்டரம்மா பல்லைத் திருப்பிப் பார்த்ததும் முகம் மாறியது.

"வேரை யாரு தேச்சது? அதுமேல இருக்க சவ்வுதான் திரும்ப ஒட்டும். வேரைத் தொடாமப் பிடிச்சு, பால்ல போட்டுக் கொண்டாந்திருக்கணும். கம்பி வச்சுக் கட்டுறேன். ஆனா ரொம்ப நாள் நிக்கும்னு சொல்ல முடியாது. யாரு தேச்சது?"

மாமன் முகம் செத்துப்போச்சு. எனக்கு வயிறு குளிர்ந்தது. மகளுக்குப் பல் போகப்போகிறது, எனக்குக் குளிர்ந்தது. அவனே சொல்லட்டும், அவள் காதில் விழட்டும் என்று நின்றேன்.

"நாந்தான் டாக்டர்" என்றாள் மகள். "மாமா வேணாம்னுதான் சொன்னாக."

டாக்டரம்மா அதற்குமேல் கேட்கவில்லை. கம்பி கட்டும்போது மகள் ஒரு கையை அவனிடம் கொடுத்தாள். கொஞ்சம் கழித்து மற்றதை என் பக்கம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். அவன் அழுதான். நான் அழவில்லை.

பல் இப்போதைக்கு நிற்கிறது, கொஞ்சம் மங்கி. யார் தேய்த்தது என்று வீட்டுக்காரியிடம் நான் சொல்லவில்லை. மாமன் சொல்லிவிட்டானா, தெரியாது.

தப்பு என் கையால் நடந்திருந்தால் எனக்காக மகள் அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பாளா? அவளிடம் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.